சாம்பல் கோழியின் மத்தியான முட்டை

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சாயங்கால வண்டிக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. ஆனி மாசம், கல்லூரி லீவு. லீவில் சும்மா இருக்க முடியாமல் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தேன். வகுப்பு மதியத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு ஏதோ டெஸ்ட் என்று இழுத்துவிட்டார்கள். எங்கள் ஊர் வழியாகப் பெருநகர் என்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸைக் காணவில்லை.

பக்கத்தில் ஒரு அம்மா, காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"வண்டி வந்துட்டுப் போயிடுச்சாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வர்றது? மொத ட்ரிப்பு டாண்ணு வருவான். ரெண்டாவது கொஞ்சம் லேட்டு. மூணாவது அத்தவிட லேட்டு. இப்பிடியே பின்னாடி பின்னாடி போயிக்கினே இருந்தா கடேசி ட்ரிப்புக்கு ஏது நேரம்? டிப்போவுல வுட்டுட்டுப் பூடுவான். நாளிக்கு காலைல பாரு, குளிச்சி முழுகி வந்தாப்பல டாண்ணு வந்து நிக்கும்."

"கோழி!" என்றேன் நான், கொஞ்சம் சத்தமாகவே.

அந்த அம்மா எழுந்து கூடையை நிமிர்த்திக் காட்டினார். "கோயி இல்லம்மா. கத்திரிக்கா எட்த்தாந்தேன், வித்துப்போச்சி."

எங்கள் வீட்டுச் சாம்பல் கோழி செய்துகொண்டிருந்தது இந்த பஸ் செய்கிற வேலையைத்தான். முட்டை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. ஒரு கட்டத்தில் நாள் போதாமல் ஒரு ட்ரிப்பு கட் ஆகிறது. மறுநாள் காலையில் திரும்பவும் முதலிலிருந்து. அது சத்துக் குறைவும் இல்லை, கண்ணேறும் இல்லை, எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்த அந்த இன்னொரு காரணமும் இல்லை. வேறொரு பஸ் வந்ததும் ஜன்னல் ஓரம்கூடத் தேடாமல் ஏறினேன்.

எங்கள் ஊரில் கோழி வளர்க்காத வீடு கிடையாது. அம்மாவிடம் ஆறேழு பெட்டைகளும் இரண்டு சேவல்களும் உண்டு. கணக்குக்கும் நேரத்துக்கும் அம்மாதான் பொறுப்பு. விடிந்ததும் கூண்டைத் திறக்கமாட்டாள். முதலில் பரிசோதனை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து இடது கையில் இடுக்கிக்கொண்டு, வலது சுண்டுவிரலை விளக்கெண்ணெயில் தொட்டு, வாலுக்குக் கீழே விட்டுப் பார்ப்பாள். உள்ளே ஓடு கெட்டியாகத் தட்டுப்பட்டால் "கீது" என்பாள். அந்தக் கோழி அன்றைக்கு வெளியே போக முடியாது. கூடைக்குள் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுவாள். முட்டை வைத்த பிறகுதான் விடுதலை. தட்டுப்படாவிட்டால் "இல்ல" என்று ஒரு தள்ளு, கோழி குப்பைமேட்டுக்கு ஓடிவிடும். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இப்படித்தான் பார்ப்பார்கள். அம்மாவின் விரலுக்கு மட்டும் தனிப் பெயர் உண்டு. அடுத்த வீட்டிலிருந்துகூடச் சந்தேகக் கோழியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

இத்தனை கண்காணிப்பு இருந்தும் நாட்டுக்கோழி ஒழுங்காக வைக்காது. இரண்டு நாள் வைக்கும், ஒரு நாள் விடும். பத்துப் பதினைந்து வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், வைக்காது. ஐப்பசியில் இறக்கை கொட்டும், வைக்காது. அம்மாவின் கோழிகளும் அப்படித்தான். ஆனால் அவை எங்கள் கூண்டிலேயே பொரிந்து வளர்ந்தவை. பகலில் வெளியே எங்கே மேய்ந்தாலும் முட்டை முட்டும்போது மாட்டுக் கொட்டாய் மூலையில் இருக்கிற உடைந்த பானையைத் தேடிக்கொண்டு ஓடிவரும். நாள் தவறலாம், முட்டை தவறாது. ஆகவே அவற்றின் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சாம்பல் கோழி வெளியிலிருந்து வந்தது. தை மாசம் அண்ணன் கல்யாணம். அண்ணிக்கு ஊர் காவாந்தண்டலம். மாசியில் தாய்வீடு போய்த் திரும்பியபோது அவர்கள் அம்மா இந்தக் கோழியைக் காலைக் கட்டிப் பையில் வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய அனுப்பியிருந்தார்கள். கழுத்தில் வெள்ளைப் பொட்டுகளோடு பார்க்க அழகான கோழி. அனுப்பும்போது, "நாள் தவறாம வெக்கும்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு அண்ணியின் கழுத்துக்கு வந்தது.

எங்கள் வீட்டில் அது மூன்று நாள் வைக்கும், இரண்டு நாள் வைக்காது. அம்மாவுக்கு முதலில் அது வெறும் ஏமாற்றம். பிறகு பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு நாள் கேட்டாள்: "உங்க மருமவ கோயி மத்தியானம் அந்தக் கத்து கத்துச்சே, முட்ட பெருசாக்கா?"

முட்டையே இல்லை. அன்றைக்கு அம்மாவின் விரல் "இல்ல" என்று சொன்ன நாள். ஆனால் கோழி கொக்கரித்திருக்கிறது. அதுவும் எங்கள் சமையல்கட்டுப் பின்வாசல் பக்கமிருந்து. மத்தியானத்தில் அம்மாவும் நைனாவும் கழனியில் இருப்பார்கள். அண்ணன் கம்பெனியில் ஷிப்ட். நான் வகுப்பிலோ, பஸ்ஸுக்கு நின்றுகொண்டோ இருப்பேன். வீட்டில் இருப்பது அண்ணி மட்டும்.

"கோயி கத்துச்சாமே?" என்று அம்மா கேட்டாள்.

"கத்துச்சி அத்தை. நானும் கொட்டாய்ல போயி பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அது எப்பிடி, வெக்காத கோயி கத்தும்?"

"தெர்லீங்க அத்தை."

இது ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்தது. அம்மா ஒருநாளும் நேரே சொன்னதில்லை. என்னிடம் பேசுகிற மாதிரி, அண்ணி காதில் விழுகிற தூரத்தில் சொல்வாள். "அந்தக் கோயி காவாந்தண்டலத்துக்கே போயி வெச்சிட்டு வருது போல. பஸ் பாஸ் வாங்கி வெச்சிக்கினு கீதோ இன்னாவோ." நைனாகூடச் சிரித்துவிட்டார். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிற சத்தம் மட்டும் ஒரு நொடி நின்று, பிறகு வேகமாகக் கேட்டது.

ஆனி பிறந்ததும் அம்மா தீர்ப்பே எழுதிவிட்டாள். "ஆடில கூழு ஊத்தற ஞாயித்துக்கெயம இத்தத்தான் அறுக்கறது. வெக்காத கோயிக்கு இன்னாத்துக்குத் தீனி?"

எங்கள் தெருவில் கூழ் ஊற்றுகிற நாளில் கருவாட்டுக் குழம்பும் கோழிக் குழம்பும் இல்லாமல் இலை விழாது. ஆகவே அம்மா சொன்னதில் புதுசாக ஒன்றும் இல்லை. ஆனால் அன்று மோட்டார் கொட்டாயில் துணி துவைக்கும்போது அண்ணி என்னிடம் சொன்னாள்: "கோயி போனா போவட்டும் பாப்பா. வேற கோயி பொறக்காதா? ஆனா இத்த அறுத்துட்டா கணக்கு முடிஞ்சிடும். முட்டைய எடுத்தது நான்தான்னு ஆயிடும். அப்புறம் காலத்துக்கும் எனக்கு அந்தப் பேருதான். இந்த வூட்ல ஒரு டம்ளரு காணோம்னாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

நான் விலங்கியல் படிக்கிறேன். ஒரு கோழி விஷயத்தில் ஒரு மனுஷிக்குக் கெட்ட பெயர் வருகிறதென்றால் அதைத் தீர்க்க என்னைவிட்டால் யார்? உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டேன். சுண்ணாம்புச் சத்து போதவில்லை. உத்திரமேரூரில் பரோட்டாக் கடையில் சொல்லிவைத்து முட்டை ஓடுகளை வாங்கிவந்து, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்துத் தவிட்டோடு கலந்து போட்டேன். கோழிகள் ஆசையாகத் தின்றன. பலன் என்னவென்றால் முட்டை ஓடு கெட்டியானது. நாள் கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மா ஆம்லெட்டுக்கு ஒரு முட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கல்லு மாதிரி கீது. அருவா எட்த்தா" என்றாள்.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் அந்தக் கத்திரிக்காய்க் கூடை அம்மாவும் வராத பஸ்ஸும்.

வீட்டுக்கு வந்ததும் கருவளர்ச்சிப் பாடப் புத்தகத்தை எடுத்தேன். கோழிக் கருவின் ஒவ்வொரு மணி நேரத்துப் படத்தையும் வரைந்து மார்க் வாங்கியவள் நான். அந்தப் பாடம் ஆரம்பிக்கும் இடத்தில், படத்துக்கு மேலே, யாரும் கேள்வி கேட்காத ஒரு பத்தி இருந்தது. ஒரு முட்டை முழுசாக உருவாக ஒரு நாளைக்கு மேல் கொஞ்ச நேரம் ஆகும். அதில் பெரும்பங்கு நேரம் ஓடு கட்டுவதற்கே போகும். இதைப் பரீட்சைக்கு ஒரு தடவை படித்துமிருக்கிறேன். நாளுக்கு மேல் கொஞ்ச நேரம் என்றால் நாளைக்கு வைக்கிற முட்டை இன்றைக்கு வைத்ததைவிடத் தாமதமாகத்தானே வரும்? நாளன்றைக்கு அதைவிடத் தாமதம். சாயங்காலத்தை நெருங்கிவிட்டால் கோழி அன்றைக்கு அடுத்த முட்டையைத் தொடங்குவதில்லை. இருட்டி, ஒரு ராத்திரி கழிந்துதான் தொடங்கும். இடையில் ஒரு நாள் சும்மா போகும்.

கணக்கு சரி. இனிப் பார்க்க வேண்டியது கோழியை. நான் வகுப்பில் இருக்கிற நேரத்துக்கு அண்ணியைப் பார்த்துவைக்கச் சொன்னேன்.

முதல் நாள் சாம்பல் கோழி கூடைக்குள் வைத்தது பால் சொசைட்டிக்குப் போன சைக்கிள் காலி கேனோடு திரும்பிய நேரத்தில். மறுநாள், பள்ளிக்கூடத்தில் இன்டர்வெல் மணி அடித்த பிறகு. அதற்கு அடுத்த நாள் அம்மாவின் விரல் "கீது" என்று சொன்னதென்னவோ உண்மை, ஆனால் உச்சி வெயில் வந்து கரண்ட்டும் போன பிறகுதான் கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நான்காம் நாள் காலையில் அம்மா விரலை எடுத்துவிட்டு, "இல்ல" என்றாள். தள்ளிவிட்டாள்.

எனக்கு அன்றைக்குத் தலைவலி வந்துவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை.

கோழியைப் பின்தொடர்வது லேசான வேலை இல்லை. நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் அது முட்டை வைக்கிற கோழியாகவே இருக்காது. சீய்க்கும், புழு பொறுக்கும், நின்று ஒற்றைக் கண்ணால் நம்மை அளக்கும், வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நடக்கும். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அண்ணி பின்வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா, புக்கு தலகீழா கீது."

"பேசாதீங்க அண்ணி. அது கேக்குது."

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கோழி வேலி ஓரமாகவே நகர்ந்து, மாட்டுக்காக நைனா அடுக்கி வைத்திருந்த வேர்க்கடலைக் கொடிப் போருக்குப் பின்னால் போனது. வரவில்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தது. வந்ததும் அங்கே நின்று கத்தவில்லை. நேரே நடந்து எங்கள் பின்வாசலுக்கு வந்து, அண்ணியின் முறத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கொக்கரித்தது. அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முட்டை வைத்த இடத்தை மறைக்க வேறிடம் வந்து கத்துகிற அந்தச் சாமர்த்தியம்தான் இத்தனை நாளும் பழியை அண்ணியின் காலடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

போருக்குப் பின்னால் அடியில் ஒரு பொந்து. கையை விட்டேன். சூடாக ஒன்று. அதற்குப் பின்னால் சில்லென்று ஒன்று, இன்னொன்று, இன்னும். ஒவ்வொரு சுற்றிலும் அம்மாவின் விரலுக்குத் தப்பிய கடைசி முட்டை அங்கேதான் சேர்ந்துகொண்டிருந்தது. அத்தனையையும் துப்பட்டாவில் வாரிக் கட்டிக்கொண்டு, கழனியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே ஓடினேன்.

"அம்மா, பாரு! கோழி கொடிப் போர்ல வெச்சிருக்கு. எல்லாம் சாம்பல் கோழி முட்டை!"

அம்மா தலையிலிருந்த புல்கட்டை இறக்கவில்லை. முட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "யாரு எடுத்தது?"

"நான்தான்."

"உனுக்குக் காட்டினது யாரு?"

"கோழி!"

"ம்ம். கோயி காட்டிச்சி. நீயும் உங்க அண்ணியும் ராசியா கீறீங்க, நல்லா கீது. முட்ட மேல யாரு வெச்சதுன்னு எய்தியா கீது?" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள்.

வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். பழைய முட்டைகள் மிதந்தன, புதுசு அடியில் படுத்தது. நாள் நாளாகச் சேர்ந்தவை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அம்மாவுக்கு வேண்டியிருந்தது. அழுகிய முட்டை அடுப்படியிலும் கிடைக்கும் என்றாள். அண்ணி வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் பாப்பா அத்தினியும் வாரிக்கினு போன? அங்கியே வுட்டுட்டு அத்தைய இட்டாந்து காட்டியிருந்தா ஆச்சில்ல?"

நியாயமான கேள்வி. கூட்டில் ஒரு முட்டையாவது விட்டுவைக்காமல் எடுத்தால் கோழி அந்த இடத்தை மறந்துவிடும் என்பது எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். என் அவசரத்தில் நான் சாட்சியையும் கலைத்துவிட்டேன், இடத்தையும் கெடுத்துவிட்டேன். சாம்பல் கோழி கொடிப் போர்ப் பக்கமே பிறகு எட்டிப் பார்க்கவில்லை. கூழ் ஊற்றுகிற ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சோர்ந்து உட்காரத் தெரியாது. இரண்டு நாள் யோசித்தேன். நான் எதைக் காட்டினாலும் அம்மா நம்பமாட்டாள். புத்தகத்தைக் காட்டினால் சிரிப்பாள். அவள் நம்புவது ஒன்றே ஒன்று, அவளுடைய சுண்டுவிரல். அந்த விரலே சொல்ல வேண்டும்.

மறுபடியும் கோழியின் நேரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். காலை, முற்பகல், உச்சி. அந்த உச்சி நாளின் சாயங்காலம், அம்மா அடுப்படியில் இருந்தபோது ஆரம்பித்தேன்.

"நாளைக்கு விடிகாலைல சாம்பல் கோழிக்கு முட்டை இருக்குதான்னு பாத்தா, உனக்குத் தட்டுப்படாது."

"தெரியுதில்ல. அப்புறம் இன்னா?"

"ஆனா முட்டை உள்ள இருக்கும்."

அம்மா கரண்டியை வைத்தாள். "எனுக்கே சொல்றியா? இந்த வெரலு பொய் சொல்லாது, தெரியும்ல?"

"விரல் பொய் சொல்லலம்மா. நீ சீக்கிரம் கேக்குற. முட்டைக்கு ஓடு ஒரே அடியா வர்றதில்ல. பொங்கலுக்குச் சொவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிறோமே, ஒரு கோட்டு, ரெண்டு கோட்டுன்னு, அந்த மாதிரி ராத்திரியெல்லாம் ஏறும். காலைல வெக்கிற முட்டைக்கு விடியறதுக்குள்ள எல்லாக் கோட்டும் ஏறிடும், உன் விரலுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல வெக்கிற முட்டைக்கு அந்நேரத்துக்கு மெல்லிசா ஒண்ணு ரெண்டு கோட்டுதான் ஏறியிருக்கும். நீ இல்லன்னு நெனச்சி வுட்டுடுற. அது வெளிய போயி வெச்சிடுது."

"அப்ப என் கோயிங்க மட்டும்?"

"அதுங்களும் அப்படித்தான். ஆனா அதுங்க ஓடியாந்து பானையில வெச்சிடுது, நீ எடுத்துக்குற. இது வேற ஊர்ல வளந்த கோழி, நம்ம பானை அதுக்குப் பழகல."

அம்மா மறுபடியும் கரண்டியை எடுத்தாள். கதவோரம் அண்ணியின் வளையல் சத்தம் கேட்டது. நான் விடவில்லை. "நாளைக்கு இல்லன்னு நீ சொன்னாலும் கூடைல கவுத்து வெய்யி. பள்ளிக்கூடத்துல இன்டர்வெல் மணி அடிச்சதும் இன்னொரு தடவை பாரு. இல்லன்னா ஞாயித்துக்கிழமை நானே அதைப் புடிச்சிக் குடுக்குறேன். அப்புறம் கோழிப் பேச்சே பேசமாட்டேன்."

"நாளிக்கு களையெடுக்க ஆளு வருது. நான் வூட்ல குந்திக்கினு கோயிக்கு பிரசவம் பாக்கணுமா?"

நைனா பீடியை அணைத்துவிட்டு முதல் முறையாகப் பேசினார். "ஆளுங்கள நான் பாத்துக்கறேன். இந்தப் பொண்ணு தொல்ல ஒரேடியா தீரட்டும், பேஜாரா கீது."

விடிந்தது. அம்மா கூண்டைத் திறந்து சாம்பல் கோழியை எடுத்தாள். வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தாள். "இல்ல" என்றாள். என் முகத்தில் எதையோ எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் கூடையை நீட்டினேன். கவிழ்த்தாள், கல்லை வைத்தாள்.

அன்றைக்குக் காலை நகரவே இல்லை. அண்ணி நாஷ்டாவுக்கு இட்லி வைத்தாள், யாருக்கும் சட்னி வைக்க மறந்துவிட்டாள். கோழி கூடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளிக்கூட மணி கேட்டதும் நான் கூடைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் தலை முளைத்தது.

"இன்னாக்கா, அதே கோயிய ரெண்டாவது தபா பாக்கற?"

அம்மா விரலை எண்ணெயில் தொட்டாள். கோழியை இடுக்கினாள். விரல் போனது. அவள் கண்கள் எப்போதும் பரிசோதனையின்போது எங்கேயோ தூரத்தில் பார்க்கும். அன்று சட்டென்று என் பக்கம் திரும்பின.

"கீது" என்றாள்.

இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். "நல்லா கீது. கெட்டியா கீது." கோழியைத் திரும்பக் கூடைக்குள் விட்டுக் கல்லை வைத்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "காலைல இந்த எடத்துல கொழகொழன்னு இன்னாவோ தட்டுப்பட்டுச்சி. எப்பவும் தட்டுப்படும். சதைன்னு வுட்டுடுவேன்" என்றாள்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மா வேலிப் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தியே சொன்னாள்: "இது மத்தியானத்துக்கு மேல வெக்கிற கோயிம்மா. நான்தான் காலைல பாத்துட்டு வெளிய வுட்டுட்டேன். கொடிப் போர்ல போயி வெச்சிட்டு வந்து இங்க நின்னு கத்தி கீது. என் மருமவகிட்ட கேட்டா அவ இன்னா பண்ணுவா, பாவம்."

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அம்மாவுக்கும் அது தெரியும்.

முட்டை விழ மத்தியானம் வெகுநேரம் ஆனது. இடையில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோழியை இரண்டு தடவை கலைத்துவிட்டோமே, அடக்கிக்கொள்ளுமோ என்று. கூடைக்குள்ளிருந்து கொக்கரிப்பு கேட்டபோது கழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா வாசலிலிருந்தே அண்ணியைக் கூப்பிட்டாள். "இந்தா பொண்ணே, உன் கோயி முட்ட. நீயே எடுத்து உள்ள வெய்யி." அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கல்லை எடுத்தாள். முட்டையை எடுத்தவள் உடனே உள்ளே போகவில்லை. அந்தச் சூட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாள் கோழி வைக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "இன்னிக்கு வண்டி கட்டா?" என்று கேட்டாள். பஸ் கதையை நான் வீடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கொத்திக்கொண்டிருந்த சேவல் குழம்புக்குப் போனது. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. அண்ணிதான் மசாலா அரைத்தாள். அம்மா பந்தியில் எல்லோரிடமும், "மருமவ கைப் பக்குவம்" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பரிசோதனை இரண்டு வேளை. விடியலில் கெட்டியாகத் தட்டுப்பட்டால் கூடை. கொழகொழப்பு தட்டுப்பட்டாலும் கூடை. ஒன்றுமே இல்லையென்றால்தான் விடுதலை. கொழகொழப்பை விரலால் பிரித்துப் பார்க்க அம்மாவுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. இப்போது அதைத் தெருவுக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள், தான் கண்டுபிடித்த மாதிரி. சொல்லட்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

ஆடிக் கடைசியில் சாம்பல் கோழி கூண்டைவிட்டு வெளியே வர மறுத்தது. தொட்டால் இறக்கையைச் சிலுப்பிக்கொண்டு கொர்ரென்றது. அடைக்கு வந்துவிட்டது. அடைக்கு வந்த கோழியைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்துக் காலைக் கட்டி வெயிலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். சூடு தணிந்து மறுபடியும் முட்டைக்கு வரும் என்பது கணக்கு. அம்மா அதைத்தான் செய்வாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய், தன் கோழிகளின் முட்டைகளில் நல்லதாகப் பொறுக்கித் தவிட்டுச் சட்டியோடு கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"உன் கோயிக்கு அடியில வெச்சிப் பாக்கலாம். கோயி அகலமா கீது, நல்லா அணைக்கும்."

அதே வாரத்தில் அம்மாவின் சிவப்புக் கோழியும் அடைக்கு வந்தது. இரண்டு கோழிகள், ஒரே நேரத்தில். எனக்கு உடனே ஒரு யோசனை முளைத்தது.

ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்து, பொரித்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேய்த்து, கொத்தி விரட்டுகிற வரைக்கும் முட்டை கிடையாது. அது மாசக்கணக்கு. முட்டை ஒழுங்கில்லாமல் வருவதற்குப் பெரிய காரணம் அதுதான், மத்தியான முட்டையெல்லாம் அதற்கு முன்னால் சில்லறை. இரண்டையும் ஒரே நாளில் அடைக்கு வைத்தால் இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அன்றைக்கு இருட்டியதும் சாம்பல் கோழியின் குஞ்சுகளையும் சிவப்புக் கோழியின் இறக்கைக்குள் தள்ளிவிட்டால், எண்ணத் தெரியாத கோழி அத்தனையையும் தன் பிள்ளை என்று எடுத்துக்கொள்ளும். சாம்பல் கோழிக்கு மேய்க்கிற வேலை இல்லை. அது எவ்வளவு சீக்கிரம் முட்டைக்குத் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. "பொரிச்ச அன்னிக்கே புள்ளைங்களப் பிரிக்கறதா? உனுக்கு ஒரு புள்ள பொறந்தா தெரியும்."

"ரெண்டு நாள் கத்தும் அண்ணி. அப்புறம் மறந்துடும்."

"மறக்கலன்னா?"

"மறக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

அம்மாவின் கவலை வேறு. "அத்தினி குஞ்சுக்கும் செவப்புக் கோயி றெக்க பத்துமா? ஐப்பசி மழ வேற வரும்." அதற்கும் நான் யோசித்துவைத்திருக்கிறேன். கூண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரப்பெட்டி, உள்ளே உமி, மேலே ஒரு குண்டு பல்பு. இறக்கைக்குள் இடம் கிடைக்காத குஞ்சுகள் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும். வயரை அண்ணி ரூம் ஜன்னல் வழியாக இழுக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லியாயிற்று. கோழிக்குக் கரண்ட் செலவா என்று நைனா இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

குஞ்சுகளை மாற்றலாமா வேண்டாமா என்பதை அண்ணி பொரிக்கிற அன்றைக்குத்தான் சொல்வாளாம். கோழி அவளுடையது, முட்டை அம்மாவுடையது, யோசனை மட்டும்தான் என்னுடையது, ஆகவே ஒத்துக்கொண்டேன். அமாவாசை கழியட்டும் என்றாள் அம்மா. கழிந்த மறுநாள் விடியலில் இரண்டு கோழிகளையும் ஒரே நேரத்தில் அடைக்கு வைக்கப்போகிறோம்.